ஏழாம் பத்தி

ஆறு பத்திகள் வரை சிக்கலில்லை.
தியெப் நகரம், நவம்பர் ஒன்பது, காலை எட்டேகால்.
ஃபுல்ஜான்ஸ் அர்க்கம்பூர், வயது எழுபத்தொன்று,
கப்பல் எந்திரங்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர்,
தன் வீட்டு மாடிப்படிகளின் அடியில்
கழுத்து முறிந்து கிடந்தார்.
ஒரு காலில் செருப்பு. மற்றது மூன்றாவது படியில்.
இடறி விழுந்திருக்கிறார் என்றார் மருத்துவர்.
இடறித்தான் என்றது பக்கத்து வீடு.
நானும் அப்படியே தட்டச்சு செய்து வைத்திருந்தேன்.

அப்புறம் கமிஷனர் ஒத்ரே வந்தார்,
மழைக்கோட்டின் பொத்தான்களை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு.
பிணத்தைத் தாண்டி, படியேறி,
நேரே சமையலறைக்குப் போனார் அந்தம்மா.
சன்னல் விளிம்பில் ஐந்து பேரிக்காய்கள்.
ஒன்றை எடுத்துக் கடித்தார்.
தடயவியல் ஆட்கள் போட்ட கூச்சலில்
எதிர்க் கூரையின் கடற்காகங்கள் எழுந்து பறந்தன.
நிதானமாக மென்று விழுங்கிவிட்டு
"இங்கே யாரோ மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள்" என்றார்.

இதற்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது?

பிறகு மூன்று நாள்
இரண்டாம் எண் பேருந்தில்
துறைமுகத்துக்கும் குன்றுக்குமாகப் போய் வந்தார்.
மீன் ஏலத்தில் விலை கேட்டார், வாங்கவில்லை.
விசாரணை நீதிபதி என்னைத்தான் கூப்பிட்டுக் கத்தினார்:
என்னதான் செய்கிறார் உங்கள் மேலதிகாரி?
சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார் என்றா சொல்வது?
"பல்வேறு கோணங்களில் விசாரணை நடக்கிறது" என்றேன்.
ஒரு கோணம்கூட இல்லை. மழைதான் இருந்தது.

நான்காம் நாள், இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு முன்பே
என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார்.
ஒரு தரைத்தள வீடு. சன்னலுக்குள் ஆப்பிள்கள்,
காம்புகள் எல்லாம் சுவரைப் பார்த்து,
தண்டனை வாங்கிய பிள்ளைகளைப் போல.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
சூப்புக் கிண்ணத்தில் திருகாணி,
வானொலி மேல் காலுறை என்று கிடந்த அந்த வீட்டில்
வரிசையாய் இருந்தவை அந்த ஐந்து மட்டுமே.

கதவைத் திறந்தவர் ராதகோந்த் வோக்லேன்,
மீன் ஏலத்தில் கணக்கெழுதியவர், கைம்பெண்.
ஒத்ரே கேட்டது ஒரு கத்தி.
கொடுத்தார்.
தோல் அறாமல் சீவத் தொடங்கினார் கமிஷனர்.
ஒன்று, இரண்டு, மூன்று ஆப்பிள்.
நாற்பது நிமிடம் யாரும் பேசவில்லை.
என் பேனாவின் மூடியை நானே கடித்துக்கொண்டிருந்தேன்.

"வருடா வருடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.
அன்றும் அடுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.
படியின் தலைப்பில் நிறுத்திச் சொன்னார்.
அந்த வால்வை மூட மறந்தது தான்தானாம்.
என் புருஷன் குடித்திருந்தான் என்று
கோர்ட்டில் சொன்னது பொய்யாம்.
இருபத்தாறு வருஷம் கழித்து, மன்னித்துவிடு என்று
கையை வேறு நீட்டினார்.
சொல்லாமலே செத்திருக்கலாம் அந்த மனுஷன்.
நானும் பழம் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பேன்."

ஒத்ரே ஆப்பிளை நாலாக நறுக்கி நீட்டினார்.
அந்தப் பெண் தின்று முடிக்கும்வரை
விலங்கை நான் வெளியில் எடுக்கவில்லை.

இப்போது ஏழாம் பத்தி.
அந்த வீட்டுக்கு ஏன் போனோம்?
"கிடைத்த தகவலின் பேரில்" என்று அடித்தேன்.
யார் கொடுத்த தகவல் என்று
ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டு அனுப்பினார் நீதிபதி.
கூடவே இன்னொரு கேள்வி:
திட்டமிட்ட கொலையா?

ஒத்ரே என் தோளுக்கு மேலாகப் படித்தார்.
"பல் கூசிற்று" என்றார், அவ்வளவுதான்,
குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.
வெகுநேரம் கழித்தே எனக்குப் புரிந்தது.
அடித்ததை அழித்துவிட்டு எழுதினேன்:

பேரிக்காய்கள் ஐந்து.
அவற்றுள் ஒன்று கடித்துச் சோதிக்கப்பட்டது.
கல்போல் இருந்தது.
கனிய இன்னும் ஒரு வாரமாவது ஆகும்
என்று நினைத்தே கொண்டுவரப்பட்டவை.